கூடைப்பந்தும் கூடி வாழ்தலும்

பிள்ளைகளை ஐந்து வயதிலே பிரித்து வைத்துவிட்டு, ஐம்பது வயதிலே ஒன்றுபடுங்கள் என்று உபதேசஞ் செய்கின்ற நாடு எமது நாடு. சிங்களப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை. முஸ்லிம் பிள்ளைக்கு இன்னொரு பாடசாலை. முதலாம் வகுப்பிலே புகுந்த நாள் தொடக்கம் உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறும் நாள் வரை, பதின்மூன்று ஆண்டுகளிலே மற்றச் சமூகத்துப் பிள்ளை ஒன்றின் பெயரைத்தானும் அறியாது வளருகின்ற பிள்ளைகள் இத்தீவிலே இலட்சக் கணக்கானோர். இவர்களே நாளை வைத்தியராகவும், வழக்கறிஞராகவும், பொலிஸ் அதிகாரியாகவும், படைவீரராகவும், வயலில் நீர் பங்கிடும் விவசாயியாகவும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளப் போகின்றவர்கள். முன்பின் அறியாதவனிடத்து நம்பிக்கை பிறப்பது எங்ஙனம்?

தாய்மொழிக் கல்வி எமது உரிமை. அதனை விட்டுக்கொடுக்குமாறு எவரும் எம்மைக் கேட்கவும் வேண்டாம். கேட்டால் யாம் இணங்கவும் மாட்டோம். ஆனால் வகுப்பறை வேறாக இருப்பதனால் விளையாட்டிடமும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த உரிமைப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. சரித்திர பாடத்தை இரண்டு மொழிகளிற் படிப்பிக்கலாம். பந்தைக் கூடைக்குள் எறிவதற்கு அந்தப் பிரிவினை அவசியமா? இந்தக் கேள்வியை இவ்வாரம் எமது வாசகர் முன் வைக்கின்றோம். இது சிறு விடயம் என்று ஒதுக்கிவிடாது, இறுதி வரை வாசித்துத் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

வட அயர்லாந்து கற்பித்த பாடம்

எம்மைப் போலவே பிள்ளைகளைப் பிரித்து வளர்த்து, அதன் விலையை இரத்தத்தாற் கொடுத்த நாடு வட அயர்லாந்து. அறுபதுகளின் இறுதியிலே மூண்ட கலகம் 1998ஆம் ஆண்டு வரை நீடித்து, மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரு புறம் பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய புரட்டஸ்தாந்தினர். மறு புறம் அயர்லாந்துடன் சேர விரும்பிய கத்தோலிக்கர். பெல்பாஸ்ற் நகரிலே இரு சாராரின் குடியிருப்புகளுக்குமிடையே 1969ஆம் ஆண்டு தொடக்கம் சுவர்கள் எழுந்தன. அவற்றுக்கு இட்ட பெயரோ சமாதானச் சுவர்! 2023ஆம் ஆண்டுக்குள் அவையனைத்தையும் அகற்றுவதாக அந்நாட்டு அரசாங்கம் 2013இலே திட்டம் வெளியிட்டது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. சுவர்கள் நின்றுகொண்டே இருக்கின்றன.

கல்லாலான சுவரைவிட உயர்ந்தது பாடசாலைச் சுவர். புரட்டஸ்தாந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அரசாங்கப் பாடசாலைகளிலும், கத்தோலிக்கப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் திருச்சபைப் பாடசாலைகளிலும் பயில்கின்றனர். இரு சாராரையும் சேர்த்துக் கற்பிக்கும் முதலாவது பாடசாலையாகிய லகன் கல்லூரி 1981ஆம் ஆண்டிலே பெற்றோரின் முயற்சியால், 28 மாணாக்கருடன் தொடங்கியது. அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அவ்வாறான கூட்டுப் பாடசாலைகளிற் பயில்வோர் பத்திலொரு பங்கினரை எட்டவில்லை.

விளையாட்டும் அங்கே பிரிந்தே கிடந்தது. கேலிக் பந்தாட்டம் கத்தோலிக்கருக்குரியது. றக்பி பெரும்பாலும் புரட்டஸ்தாந்தக் கல்லூரிகளுக்குரியது. உதைபந்தாட்டத்தை இரு சாராரும் ஆடினரெனினும், எந்தக் கழகத்தின் சட்டையை ஒருவன் அணிந்திருக்கின்றான் என்பதைக் கொண்டே அவன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று தெருவிலே கணித்துவிடுவர். கேலிக் விளையாட்டுச் சங்கமோ 'அந்நிய' விளையாட்டுகளில் ஈடுபடும் தன் அங்கத்தவருக்கு விதித்திருந்த தடையை 1971ஆம் ஆண்டிலேதான் நீக்கியது. விளையாட்டு மக்களை இணைக்கும் என்று மேடைகளிலே பேசுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு தன்னியல்பாக எவரையும் இணைப்பதில்லை. பிரிந்தவர் கையிலே அது பிரிவின் கொடியாகவும் பறக்கும்.

இந்நிலையிலேதான் கூடைப்பந்து அங்கு பயன்பட்டது. ஷோன் ரூஹி, பிரெண்டன் ரூஹி என்னும் அமெரிக்கச் சகோதரர் 2001ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே, நிறவெறி பிரித்து வைத்த பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி அளிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கினர். 'பீஸ் பிளேயர்ஸ்' எனப்படும் அவ்வியக்கம் 2002இலே வட அயர்லாந்துக்கும், பின்னர் மத்திய கிழக்குக்கும், கிரேக்கரும் துருக்கியரும் 1974 முதற் பிரிந்து வாழும் சைப்பிரஸ் தீவுக்கும் பரவியது. வட அயர்லாந்திலே அதன் முறை எளிமையானது. அண்மையில் உள்ள இரண்டு ஆரம்பப் பாடசாலைகளைத் தெரிவர். ஒன்று கத்தோலிக்கப் பாடசாலை. மற்றது புரட்டஸ்தாந்தப் பாடசாலை. இரண்டின் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துக் கலந்த அணிகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுப்பர். ஆட்டத்தோடு, எம்மவர் யார், மற்றவர் யார், ஏன் அஞ்சுகின்றோம் என்று வெளிப்படையாகப் பேசவும் பழக்குவர்.

இப்பணியிலே முன்னின்றவர்களுள் ஒருவர் திரெவர் றிங்லண்ட். அயர்லாந்தின் தேசிய றக்பி அணியிலே ஆடிப் பெயர் பெற்றவர். பிரித்தானிய இணைப்பை ஆதரிக்கும் அரசியல் நிலைப்பாட்டினர். தமது அரசியற் கொள்கையைக் கைவிடாமலே மற்றச் சமூகத்தின் பிள்ளைக்குத் தோள் கொடுத்தார். அவருக்கும் உடன் உழைத்த டேவ் கலனுக்கும் 2007ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஆதர் ஆஷ் துணிவு விருது வழங்கப்பட்டது. கொள்கையுறுதியும் அயலான் மீது அன்பும் ஒருவர் நெஞ்சிலே ஒருங்கு வாழ முடியும் என்பதற்கு இவர் சான்று.

ஏன் கூடைப்பந்து?

கூடைப்பந்து பழைய பகை எதனையும் சுமந்து வராத விளையாட்டு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியராகிய ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பவர் இதனைப் புதிதாக அமைத்தார். குளிர்காலத்திலே வெளியிற் செல்ல இயலாது அடைபட்டுச் சச்சரவு செய்த மாணாக்கரை வழிப்படுத்துவதே அவரது நோக்கம். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலே அறைந்து, 13 விதிகளை எழுதி ஆட்டத்தைத் தொடக்கினார். பந்தைக் கையிலேந்தியபடி ஓடக்கூடாது. தோளால் இடிக்கவும் பிடித்துத் தள்ளவும் கூடாது என்பன அவ்விதிகளுட் சில. முரட்டுத்தனத்துக்கு இடங்கொடாத ஆட்டம் ஒன்றையே அவர் தேடினார்.

இன்னொரு சிறப்பும் இதற்கு உண்டு. அணிக்கு ஐவரே களத்தில் நிற்பர். களமோ 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சிறு வெளி. கிரிக்கெட்டிலே எல்லைக்கோட்டருகில் ஒருவன் நாள் முழுவதும் எவரோடும் பேசாது நின்றுவிட்டு வீடு திரும்பலாம். கூடைப்பந்திலே அது நடவாது. ஐவரில் ஒருவனுக்குப் பந்து கொடுக்காது விட்டால் நால்வராக நின்று ஐவரை எதிர்க்க வேண்டி வரும், தோல்வி நிச்சயம். அலியாரிடம் பந்தைக் கொடுக்க விரும்பாத அரியரத்தினமும், அரியரத்தினத்தை நம்பாத அலியாரும் ஒரே அணியிலே வெல்ல முடியாது. இந்த உண்மையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொற்பொழிவாலும் புகட்ட இயலாது. ஒரு மாலை நேர ஆட்டம் புகட்டிவிடும்.

அறிஞர் ஆராய்ந்து கண்டவை

இவற்றை வெறும் நல்லெண்ணம் என்று சிலர் நகைக்கக்கூடும். ஆகையால் ஆராய்ச்சி கூறுவதையும் கேட்போம்.

1954ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலே, முஸாபர் ஷெரிப் என்னும் உளவியலறிஞர் 22 சிறுவரை இரு குழுக்களாக்கி ஒரு கோடைகால முகாமிலே தங்க வைத்தார். போட்டிகளிலே மோதவிட்டார். சில நாட்களுக்குள் கொடியை எரிப்பதும் குடிசையைச் சூறையாடுவதுமாகப் பகை மூண்டது. ஒரே உணவுக்கூடத்தில் அமர்த்தியும், ஒன்றாகப் படக்காட்சி காண்பித்தும் பகை ஆறவில்லை. பின்னர் முகாமுக்கு வரும் குடிநீர் தடைப்பட்டது. குழாய் வழியே சென்று பழுதைக் கண்டறிய இரு குழுவினரும் கூட வேண்டியதாயிற்று. இவ்வாறு இருவரும் சேர்ந்தாலன்றி முடியாத காரியங்கள் அடுத்தடுத்து வந்தபோதுதான் பகை தணிந்தது. வயலுக்கு நீர் பாய்ச்சும் எமது விவசாயப் பெருமக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவன், வரம்புச் சண்டையை ஒரு நாளேனும் ஒத்திவைத்து வாய்க்காலைத் துப்புரவு செய்தே ஆகவேண்டும்.

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே மற் லோ என்னும் பொருளியலறிஞர், வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,200க்கு மேற்பட்ட இளைஞரைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகளை நடத்தி, 2021ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டார். பிற சாதியாரைத் தம் அணியிலே பெற்றவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. பிற சாதியாரை எதிரணியிலே சந்தித்தவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை. சாதி என்றதும் இது இந்தியாவின் கதை என்று யாழ்ப்பாணத்து வாசகர் முகந்திருப்பிக்கொள்ள வேண்டாம். பாடசாலையிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கிலே அமர்வதைக்கூட எதிர்த்துப் போராடியவர் எம்முள்ளும் இருந்தனர். பிரிந்து கிடப்பவை சமூகங்கள் மாத்திரமல்ல; ஊர்களும் உண்டு.

மூன்றாவது ஆய்வு ஈராக்கிலே நடந்தது. ஐ.எஸ். இயக்கத்தினால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவரின் உதைபந்தாட்ட அணிகள் சிலவற்றிலே முஸ்லிம் இளைஞரைச் சேர்த்துச் சல்மா மூசா என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து, 2020இலே வெளியிட்டார். கலந்த அணியில் ஆடிய கிறிஸ்தவர், ஆட்டக்காலம் முடிந்து ஆறு மாதம் சென்ற பின்னரும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்ய முன்வந்தனர். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் அறியாத முஸ்லிம்கள் மீது அதே நல்லெண்ணம் பரவவில்லை. தோழனை ஏற்றுக்கொண்டனர், தோழனின் சமூகத்தை ஏற்கத் தயங்கினர்.

இம்மூன்றினின்றும் யாம் கொள்ளும் பாடம் யாது? வெறும் நட்புறவுப் போட்டிகளால் நன்மையில்லை. தமிழ்க் கல்லூரியும் சிங்களக் கல்லூரியும் எதிரெதிரே நின்று மோதுவதும் போதாது. ஒரே அணியிலே கலந்து ஆடவேண்டும். அங்ஙனம் ஆடினாலும், மைதானத்துக்கு வெளியே செய்ய வேண்டிய வேலையைப் பந்து செய்துவிடாது. அது பெற்றோரும், ஆசிரியரும், அரசியலாளரும் செய்யவேண்டிய வேலை.

மட்டக்களப்பின் சொந்தக் கதை

கூடைப்பந்தின் அருமையை அறிய யாம் பெல்பாஸ்ற்றுக்குப் போக வேண்டியதில்லை. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டிலே தோன்றியது. சுவாமி விபுலாநந்தர் பயின்ற கல்லூரி. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே கூரையின் கீழ்க் கற்ற அக்கல்லூரிக்கு, இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து யேசு சபைக் குருமார் வந்து சேர்ந்தனர். அவர்கள் கூடைப்பந்தைக் கொண்டுவந்து மட்டக்களப்பின் மண்ணிலே ஊன்றினர். வணபிதா வெபரின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கு இன்றும் நகரிலே உள்ளது. வணபிதா இயூஜின் ஹேபேர்ட் 1948ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தலைமுறை தலைமுறையாக மாணாக்கருக்குக் கூடைப்பந்து பயிற்றினார்.

அவருக்கு நேர்ந்த முடிவை இளைய தலைமுறை அறியவேண்டும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். 3ஆந் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் தமிழ் ஆயுததாரிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலே குழந்தைகளும் பெண்களும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. தமிழர் வழியிலே மறிக்கப்பட்டுக் காணாமற் போயினர். செப்டெம்பர் 9ஆந் தேதி சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொன்றொழிக்கப்பட்டன. அக்டோபர் மாதத்திலே வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் தம் வீடுவாசலினின்றும் துரத்தப்பட்டனர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவன் தன் சமூகத்துக்கும் துரோகஞ் செய்கின்றான்.

அந்த ஆகஸ்ட் 15ஆந் தேதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரிலே புறப்பட்ட வணபிதா ஹேபேர்ட் அவர்களும், உடன் சென்ற தமிழ் இளைஞரும் வந்து சேரவில்லை. இன்று வரை அவர்களைப் பற்றிய தகவல் இல்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக இங்குள்ள பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்பித்த ஒருவர், அந்தப் பிள்ளைகளின் ஊர்களுக்கிடையே உள்ள சில மைல் தூரப் பாதையிலே மறைந்துபோனார். காணாமற் போனோரின் பட்டியலிலே ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநரின் பெயரும் உண்டு என்பதை, இந்த விடயத்தை விளையாட்டுப் பேச்சு என்று கருதுவோர் நினைவிற் கொள்வாராக.

அதன் பின்னரும் காயம் ஆறவில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே வெடித்த குண்டு, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளைப் பலிகொண்டது. ஒரு சிறு கும்பலின் கொடுஞ் செயலுக்கு ஒரு சமூகம் முழுவதும் சந்தேகக் கண்ணுக்கு ஆளாயிற்று. தமிழர் அனைவரையும் பயங்கரவாதிகள் என்று நோக்கிய காலத்தை அநுபவித்த யாம், அதே பார்வையைப் பிறர் மீது செலுத்துவது அழகாகுமா?

பிரித்து வைத்த வலயங்கள்

கிழக்கு மாகாணத்திலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தமிழர் நூற்றுக்கு ஏறக்குறைய 40, முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23. தமிழரும் முஸ்லிம்களும் பேசும் மொழி ஒன்று. தாய்வழிக் குடி முறை இரு சாராருக்கும் பொது. ஒரே வட்டையிலே வயல் செய்து, ஒரே வட்டவிதானையின் சொற்கேட்டு நீர் பாய்ச்சியவர்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று முன்னோர் சொன்னதும் இவர்களைப் பற்றியே. ஆயினும் பிள்ளைகளின் நிலை யாது?

மட்டக்களப்பு மாவட்டத்திலே காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகள், இடையிலே தமிழ் ஊர்கள் கிடக்க, நிலத்தொடர்பில்லாத 'மட்டக்களப்பு மத்தி' என்னும் ஒரே கல்வி வலயமாகச் சேர்க்கப்பட்டன. முஸ்லிம் பாடசாலைகளின் தேவைகளைக் கவனிக்க இத்தகைய ஏற்பாடு வேண்டியதாயிற்று என்றால், அதற்குரிய காரணத்தை யாம் மதிக்கின்றோம். அதிகாரத்திலே தம் பங்கைக் கேட்பது எவர்க்கும் உரியது. ஆனால் விளைவைப் பாருங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் வலய மட்டத்திலே தொடங்குகின்றன. ஆகவே ஓட்டமாவடிப் பிள்ளை பல மைல் தொலைவிலுள்ள காத்தான்குடிப் பிள்ளையோடு போட்டியிடச் செல்கின்றான். பாதையின் மறுபுறத்திலுள்ள வாழைச்சேனைப் பிள்ளையை அம்மட்டத்திலே எதிராளியாகத்தானும் சந்திக்க அவனுக்கு வாய்ப்பில்லை. நிர்வாகத்துக்கு வலயம் வேறாக இருக்கட்டும். விளையாட்டுக்கும் வேறாக இருக்க வேண்டுமா?

யாம் வேண்டுவது

எமது யோசனை இது. ஓட்டமாவடியும் வாழைச்சேனையும், ஏறாவூரும் செங்கலடியும், காத்தான்குடியும் ஆரையம்பதியும் போன்று அடுத்தடுத்துள்ள ஊர்களின் பாடசாலைகளை இரண்டிரண்டாக இணைக்க வேண்டும். பத்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை, பாடசாலைப் பெயரால் அன்றிக் கலந்த அணிகளாகப் பிரித்துக் கூடைப்பந்துப் பயிற்சி அளிக்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் இரு பயிற்றுநர்: இரு சமூகத்துக்கும் ஒவ்வொருவர், இருவர்க்கும் சம மதிப்பு, சம வேதனம். ஒரு வாரம் இவர்களின் களத்திலே, மறு வாரம் அவர்களின் களத்திலே பயிற்சி நடக்கட்டும். வெள்ளித் தொழுகை, ஞாயிறு வழிபாடு, நோன்பு, கோயில் திருவிழா ஆகியவற்றை அறிந்து நாட்களைக் குறிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை மறத்தலாகாது. கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தாட்டத்திலே, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக ஆடி 2009, 2018ஆம் ஆண்டுகளின் ஆசிய வெற்றிக் கிண்ணங்களுக்குத் துணைநின்றதை நாடு அறியும். சிங்களப் பெண்கள் எறிந்த பந்தைத் தமிழ்ப் பெண் வளையத்துள் இட, நாடு முழுவதும் ஆரவாரித்தது. முஸ்லிம் மாணவியர் முக்காடணிந்து ஆடுவதற்கும் இன்று தடையில்லை. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017ஆம் ஆண்டிலே அத்தடையை நீக்கிவிட்டது. சர்வதேசச் சம்மேளனம் அனுமதித்ததை உள்ளூர் அதிகாரியோ ஆசிரியரோ தடுக்கலாகாது.

சிங்களப் பிள்ளைகளோடு கூடும்போது மொழிப் பிரச்சினை எழும். விளையாட்டுக்கு மொழியில்லை என்பர். மெய்யே, ஆனால் பயிற்றுநருக்கு மொழி உண்டு. அவர் சிங்களத்திலே மாத்திரம் ஆணையிட்டால், தமிழ்ப் பிள்ளை முதல் நாளே இரண்டாந் தரப் பிரசையாகிவிடுகின்றான். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. அது மைதானத்திலும் அமுலாக வேண்டும். இரு மொழியும் வழங்கும் பயிற்றுநர் இல்லாத கூட்டுப் பயிற்சியை யாம் ஏற்கோம்.

ஒருநாள் விழாவாக இது முடிந்துவிடக் கூடாது. போர் 2009ஆம் ஆண்டிலே முடிந்த பின், நல்லிணக்கம் என்ற பெயரால் எத்தனையோ காட்சிகளைக் கண்டுவிட்டோம். பஸ்ஸிலே பிள்ளைகளை ஏற்றிச் சென்று, ஒரே நிறச் சட்டை அணிவித்து, அமைச்சரோடு படம் பிடித்து, மாலையிலே திருப்பி அனுப்பிவிடுவர். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரும் நினைவில் இல்லை. அதனால் விளையும் நன்மை படம் பிடித்தவருக்கே. ஒரே பிள்ளைகள், ஒரே பயிற்றுநரின் கீழ், வாரந்தோறும், சில ஆண்டுகள் கூடவேண்டும். இதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. சீமெந்துத் தரை, இரண்டு வளையங்கள், சில பந்துகள், நேர்மையான மனிதர் இருவர், இவ்வளவே தேவை.

ஒரு தடையும் அதற்கு விடையும்

எமது நண்பர் சிலர் சினப்பர்: "காணி திரும்பவில்லை, காணாமற் போனோருக்குப் பதில் இல்லை, அரசியல் உரிமை கிட்டவில்லை, நீங்கள் பந்து விளையாடச் சொல்கின்றீர்களா?" இச்சினம் நியாயமானது. காணாமற் போன மகனின் படத்தை ஏந்தி வீதியோரத்திலே ஆண்டுக் கணக்காக அமர்ந்திருக்கும் தாய்க்குக் கூடைப்பந்து பதிலாகாது. வட அயர்லாந்திலும் முதலில் வந்தது அரசியல் உடன்படிக்கை. 1998 ஏப்ரல் 10ஆந் தேதி கைச்சாத்திடப்பட்ட அவ்வுடன்படிக்கை அதிகாரத்தை இரு சாராருக்கும் பங்கிட்டது. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பிலே நூற்றுக்கு 71 பேர் அதனை ஏற்றனர். கூடைப்பந்து இயக்கம் அங்கு சென்றதோ அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னர். உரிமையைக் கொடுக்காமல் உறவை மாத்திரம் கேட்கும் அரசாங்கத்துக்கு இந்த வரிசை முறையை யாம் நினைவூட்டுகின்றோம்.

ஆனால் அதே வட அயர்லாந்து மற்றுமொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. உடன்படிக்கை வந்து கால் நூற்றாண்டு கடந்தும் சுவர்கள் விழவில்லை; ஏனெனில் பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் பிரிந்தே பயில்கின்றனர். நாளையே எமக்கு உரிமை கிட்டியது என்று வைத்துக்கொள்வோம். அவ்வுரிமையைக் கிழக்கிலே யாம் முஸ்லிம்களோடும் சிங்களவரோடும் சேர்ந்தே அநுபவிக்க வேண்டும். சந்தேகம் நிறைந்த நெஞ்சங்களைக் கொண்டு எந்த மாகாண ஆட்சியை நடத்தப் போகின்றோம்? தீர்வுக்குக் கொழும்பு சம்மதிக்க வேண்டும். ஆனால் ஓட்டமாவடிப் பிள்ளையும் வாழைச்சேனைப் பிள்ளையும் ஒரே அணியில் ஆடுவதற்குக் கொழும்பின் தீர்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிபர் இருவர், பெற்றார் ஆசிரியர் சங்கங்கள் இரண்டு, வலயக் கல்விப் பணிப்பாளர் இருவர் மனம் வைத்தால், அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம். எமது கைக்குள் உள்ளதைச் செய்யாதவன், பிறர் கையிலுள்ளதைக் கேட்கும்போது குரலிலே வலிமை இராது.

பரீட்சையைக் காரணங்காட்டும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிற்பகல் முழுவதும் ரியூட்டறியிலே அடைத்து வைத்து டாக்டராகவும் எஞ்சினியராகவும் ஆக்கிய பிள்ளை, அயலூரானைக் கண்டு அஞ்சி நாட்டை விட்டு ஓடுமாயின், அப்பட்டத்தால் ஊர் அடைந்த பயன் என்ன? வாரத்திலே இரண்டு மணித்தியாலம் பெரிய விலையன்று.

கல்விமான்களே, உத்தியோகத்தர்களே! நீங்கள் பயின்ற கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங் கட்டவும் நூற்றாண்டு மலர் வெளியிடவும் பணந் திரட்டுகின்றன. அதிலே ஒரு பங்கை அயற் சமூகத்துப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு கூடைப்பந்துக் களம் அமைக்கச் செலவிடுமாறு அடுத்த கூட்டத்திலே பிரேரணை கொண்டுவாருங்கள். விவசாயப் பெருமக்களே! வட்டைக் கூட்டத்திலே அயலூர் முஸ்லிம் விவசாயியோடு ஒரே பாயில் அமர்ந்து விதைப்புத் தேதி குறிக்கின்றீர்கள். கூட்டம் முடிந்ததும் உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் அவரோடு ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலை அதிபரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். தனித்தனியே செல்வதிலும் இருவரும் சேர்ந்து செல்வதே அதிபருக்குப் போதிய விளக்கமாகும்.

1990ஆம் ஆண்டிலே மறைந்துபோன பயிற்றுநருக்குச் சிலை எடுப்பதிலும் பார்க்க, அவர் மறைந்த அந்தப் பாதையின் இரு மருங்கிலும் உள்ள ஊர்களின் பிள்ளைகள் கலந்து ஆடும் ஓர் அணியை உருவாக்குவதே அவருக்குச் செய்யும் உரிய மரியாதை. மட்டக்களப்பின் அதிபர்களும் கல்விப் பணிப்பாளர்களும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. எந்த இரு பாடசாலைகள் முதலில் முன்வருகின்றன என்பதை அறிய ஆவலோடு காத்திருக்கின்றோம்.